பந்தியிலிருந்து எழுப்பப்பட்டவன்: யூதர்களின் துக்க நாட்களை ஒரகடத்திலிருந்து வாசித்தல்

1

துக்கத்தைப் பற்றி நாம் எழுதியது குறைவு. எதிர்ப்பு, கலகம், அதிகாரம், உடல் என்று பக்கம் பக்கமாக விவாதித்திருக்கிறோம். இழந்ததை எப்படி நினைப்பது, எத்தனை நாள் நினைப்பது, நினைக்கிற உடம்பு என்ன செய்ய வேண்டும் என்ற கேள்விகளை மட்டும் 'அதெல்லாம் சடங்கு' என்று ஒதுக்கிவிட்டோம். சடங்கை மதத்துக்கும் ஒப்பாரியைப் பெண்களுக்கும் விட்டுவிட்டு, நமக்கு ஒரு அஞ்சலிக் கூட்டமும் நாலு சுவரொட்டியும் போதும்னு இருந்துட்டோம்.

இருங்காட்டுக்கோட்டையிலிருந்து ஸ்ரீபெரும்புதூர் வழியாக ஒரகடம் வரை போகிற சாலையில் இந்தக் குறை கண்ணுக்குத் தெரியும். 1996ல் ஹூண்டாய் ஆலைக்கு வேலை தொடங்கியது. 2006ல் நோக்கியா திறந்தது. 2014 நவம்பரில் உற்பத்தியை நிறுத்தியது. 2010ல் ஒரகடத்தில் ரெனோ-நிசான் கார் ஆலை, அதைத் தொடர்ந்து லாரி, மோட்டார் சைக்கிள் ஆலைகள். முப்பது வருஷத்துக்குள் ஏரிப் பாசன ஊர்கள் சிப்காட் வளாகங்களின் ஓரத்துக்கு ஒதுங்கிப்போயின. போன வயலுக்கு இழப்பீட்டுக் கணக்கு இருக்கிறது. நினைவுக் கணக்கு இல்லை. தொழிற்சாலை விடுமுறைகளை முறைப்படுத்தும் 1958ஆம் ஆண்டுத் தமிழ்நாட்டுச் சட்டம் நான்கு தேசிய விடுமுறையும் ஐந்து பண்டிகை விடுமுறையும் தருகிறது. ஒன்பதில் ஒன்றுகூட துக்கத்துக்கென்று ஒதுக்கப்பட்டதில்லை. இந்தத் தடத்தில் துக்கத்துக்கென்றே கட்டப்பட்ட பெரிய இடம், 1991 மே 21 அன்று ராஜீவ் காந்தி கொல்லப்பட்ட இடத்தில் இருக்கும் நினைவகம். அது அரசின் துக்கம். மற்றவர்களுடைய துக்கம் எங்கே இருக்குன்னு கேட்டால் பதில் இல்லை.

இந்த இடத்தில் நின்றுகொண்டு யூதர்களின் கோடைக்கால நோன்பையும் அதற்கு முந்தைய துக்க நாட்களையும் வாசிக்கலாம் என்பது என் யோசனை. யூதர்கள் புனிதமானவர்கள், நாம் அவர்களைக் காப்பியடிக்க வேண்டும் என்பதல்ல காரணம். ஒரு நகரத்தை இழந்ததை 1,900 வருஷத்துக்கு மேலாக ஒரு நாட்காட்டியாக, சாப்பாடாக, துணியாக, முடியாக நினைவில் வைத்திருக்கிற ஏற்பாடு அது. அந்த ஏற்பாடு எப்படி இயங்குகிறது, அதற்குள் என்ன கேள்வி புதைந்திருக்கிறது, எங்கே அது தன்னையே ஏமாற்றிக்கொள்கிறது என்று பார்ப்பது நமக்கு உதவும்.

2

முதலில் விவரம். எருசலேமில் இருந்த முதல் ஆலயத்தை பாபிலோனியர்கள் கி.மு. 586ல் அழித்தார்கள். இரண்டாம் ஆலயத்தை ரோமானியர்கள் கி.பி. 70ல் அழித்தார்கள். இரண்டையும் சேர்த்து நினைக்கிற நாள், யூத மாதமான ஆவ் மாதத்தின் ஒன்பதாம் நாள். எபிரேயத்தில் 'திஷா பெஆவ்', அதாவது 'ஆவ் ஒன்பது' என்றே பெயர். ஜூலை-ஆகஸ்டில் வரும், பெரும்பாலும் நம்ம ஆடி மாசம்.

அந்த ஒரு நாளுக்கு மட்டும் துக்கம் அனுசரித்தால் போதாது என்று மரபு நினைத்தது. அதற்கு மூன்று வாரம் முன்னால், தம்மூஸ் மாதம் 17ஆம் நாள், ஒரு சின்ன நோன்பு: விடியலிலிருந்து இருட்டும் வரை. நகரத்தின் மதில் உடைந்ததை அது நினைக்கிறது. அன்றிலிருந்து 'மூன்று வாரம்' தொடங்குகிறது. ஐரோப்பிய யூத மரபில் இந்த நாட்களில் கல்யாணம் இல்லை, முடி வெட்டுவதில்லை, பாட்டுக் கச்சேரி இல்லை. ஆவ் மாதம் பிறந்ததும் 'ஒன்பது நாள்'. இப்போது கறியும் திராட்சை மதுவும் நிற்கின்றன, ஓய்வுநாளான சனிக்கிழமை தவிர. புதுத்துணி வாங்குவதில்லை, துணி வெளுப்பதில்லை, வெளுத்த துணியைப் போட்டுக்கொள்வதில்லை, சுகத்துக்காகக் குளிப்பதில்லை. சந்தோஷத்துக்காகக் கட்டுகிற கட்டடத்தை நிறுத்திவைப்பார்கள். செபார்டி மரபைச் சேர்ந்த பலரிடம் முடி, துணி பற்றிய தடைகள் நோன்பு விழுகிற வாரத்தில் மட்டும்தான். இரண்டாம் நூற்றாண்டு முடிவை ஒட்டித் தொகுக்கப்பட்ட மிஷ்னா என்ற சட்டத் தொகுப்பு இந்த வாரத் தடையைத்தான் சொல்கிறது. மூன்று வாரம் என்பது பிற்காலத்தில் சமூகங்கள் தாங்களாகவே நீட்டிக்கொண்டது.

நோன்புக்கு முந்தின சாயங்காலம் கடைசிச் சாப்பாடு. தரையில் உட்கார்ந்து, ஒரு அவித்த முட்டை, சாம்பலில் தொட்ட ரொட்டி. துக்க வீட்டில் சாப்பிடுவதுபோல, ஆளாளுக்குத் தனியாக. சூரியன் மறைந்ததிலிருந்து மறுநாள் இரவு வரை சோறு தண்ணி கிடையாது. குளியல், எண்ணெய், தோல் செருப்பு, உடலுறவு எல்லாம் விலக்கு. ஒருவரைப் பார்த்து இன்னொருவர் வணக்கம் சொல்வதும் இல்லை. தொழுகைக்கூடத்தில் விளக்கைக் குறைத்து, வேதப் பேழையின் திரையைக் கழற்றிவிட்டு, தரையில் உட்கார்ந்து எரேமியாவின் பெயரால் வழங்கும் புலம்பல் நூலை ராகத்தோடு வாசிக்கிறார்கள். பிறகு 'கீனோத்' எனப்படும் இரங்கற்பாக்கள்; நம்ம ஒப்பாரிக்குப் பக்கத்தில் வைக்கத்தக்க ஒரு வகைமை. மகிழ்ச்சி தரும் காரியம் என்பதால் வேதப் படிப்பும் அன்றைக்குத் தடை. யோபு, புலம்பல், எரேமியாவின் துயரப் பகுதிகள் மட்டும் படிக்கலாம். உச்சிப்பொழுதுக்குப் பிறகு தரையிலிருந்து எழுந்து நாற்காலியில் உட்காரலாம். ஆலயம் பத்தாம் நாளும் எரிந்துகொண்டிருந்தது என்பதால் கறியும் மதுவும் மறுநாள் உச்சிப்பொழுது வரை தள்ளிப்போகின்றன. அதற்குப்பின் ஏழு வாரம், ஓய்வுநாள்தோறும் ஆறுதல் பகுதிகளை வாசிப்பார்கள்.

ஆடியில் கல்யாணம் பண்ணாத நமக்கு இந்த விலக்குகள் அந்நியமாகப் படாது. ஆனால் ஆடியில் ஏன் கல்யாணம் இல்லைன்னு கேட்டால் ஆளுக்கொரு காரணம் சொல்லுவாங்க. அவர்களிடம் காரணம் ஒன்றுதான்: ஒரு நகரம் இடிந்தது.

3

இந்த நாட்காட்டியின் கட்டமைப்பில் ஒரு விசித்திரம் உண்டு. வீட்டில் ஒருவர் இறந்தால் யூத வழக்கப்படி முதல் ஏழு நாள் கடுமையான துக்கம், முப்பது நாள் வரை அதைவிடக் குறைவு, தாய் தகப்பனுக்கு ஒரு வருஷம் வரை அதைவிடவும் குறைவு. நம்ம ஊரில் மூன்றாம் நாள் பால், பதினாறாம் நாள் காரியம், வருஷத் திதி என்று போவதும் இதே திசைதான்: கனத்திலிருந்து லேசுக்கு. ஆலயத்துக்கான துக்கம் தலைகீழ். லேசில் ஆரம்பித்து மூன்று வாரம், ஒன்பது நாள், கடைசிச் சாப்பாடு, நோன்பு என்று கனத்துக்கொண்டே போகிறது. தல்மூத் இதற்குப் பெயரே வைத்திருக்கிறது: ஒன்று 'புதிய துக்கம்', மற்றது 'பழைய துக்கம்'. இருபதாம் நூற்றாண்டின் யூத அறிஞர் ஜோசப் சொலவைச்சிக் இந்த வேறுபாட்டை விரிவாக விளக்கியிருக்கிறார். புதிய துக்கத்தில் உணர்ச்சி முதலில் வருகிறது. சடங்கு அதைக் கொஞ்சம் கொஞ்சமாகத் தணிக்கிறது. பழைய துக்கத்தில் இழப்பை நேரில் பார்த்தவர் யாருமில்லை. உணர்ச்சி தானாக வராது. உடம்பைப் பழக்கி, படிப்படியாக வரவழைக்க வேண்டியிருக்கிறது.

1917ல் வெளியான 'துக்கமும் மனச்சோர்வும்' கட்டுரையில் ஃப்ராய்ட், ஆள் இறந்தால் மட்டுமல்ல, நாடு, சுதந்திரம், ஒரு இலட்சியம் இவற்றை இழந்தாலும் துக்கம் உண்டாகும் என்றார். துக்கத்தை அவர் ஒரு 'வேலை' என்றே அழைத்தார். வேலை முடிந்ததும் மனசு விடுபடும் என்பது அவர் கணக்கு. திஷா பெஆவ் அந்தக் கணக்குக்குள் அடங்கவில்லை. இது முடிகிற வேலை இல்லை; வருஷா வருஷம் புதுசாகத் தொடங்குகிற வேலை. அதேசமயம் மனுஷனை முடக்கிப்போடுகிற தீராச்சோகமும் இல்லை. மூன்று வாரத்துக்குள் அது கட்டப்பட்டிருக்கிறது, அதற்குப்பின் ஆறுதல் வாரங்கள் வந்தே தீரும்.

அளவு பற்றி தல்மூத்தில் ஒரு உரையாடல் வருகிறது. ஆலயம் இடிந்தபின் பலர் கறியும் மதுவும் தொடுவதில்லை என்று சபதம் எடுத்துக்கொண்டார்களாம். பலிபீடமே போனபின் இவற்றைச் சாப்பிடுவது எப்படி என்பது அவர்கள் வாதம். ரபி யோசுவா அவர்களிடம் கேட்கிறார்: ரொட்டியும் காணிக்கையாகப் போனதுதான், அதையும் விட்டுவிடலாமா? பழத்தை? தண்ணீரை? அவர்களால் பதில் சொல்ல முடியவில்லை. அவருடைய முடிவு இது: துக்கமே வேண்டாம் என்பதும் முடியாது, அளவுக்கு மேல் துக்கப்படுவதும் முடியாது. வீட்டுக்குச் சுண்ணாம்பு பூசு, கொஞ்சம் இடத்தைப் பூசாமல் விடு. விருந்து வை, ஒரு பதார்த்தத்தைக் குறைத்துக்கொள். வாசலுக்கு எதிர்ச்சுவரில் ஒரு முழச் சதுரம் பூசாமல் விடும் வழக்கம் இப்படி வந்தது. பக்தியுள்ள வீடுகளில் அது இன்றும் உண்டு. கல்யாணத்தில் கண்ணாடிக் கோப்பையை உடைப்பதையும் இந்த நினைவோடுதான் சேர்க்கிறார்கள்.

யூத வரலாற்றாசிரியர் யோசெப் ஹயிம் யெருஷால்மி 1982ல் வெளியிட்ட 'ஸாகோர்' என்ற சிறு நூலில் ஒரு முக்கியமான விஷயத்தைக் கவனப்படுத்தினார். ரோமானியப் போரை எழுதிய ஜோசிஃபசுக்குப் பின் பல நூற்றாண்டுகள் யூதர்கள் வரலாறு எழுதுவதில் பெரிய அக்கறை காட்டவில்லை. கடந்தகாலம் சடங்கிலும் வழிபாட்டிலும்தான் தாங்கி வரப்பட்டது. எழுத்தே நினைவுன்னு நம்புகிற நம்மைப்போன்ற சிறுபத்திரிகைக்காரர்களுக்கு இது கொஞ்சம் சங்கடமான செய்தி. ஆவணம் அலமாரியில் இருக்கும். பூசாத சுவர் தினம் கண்ணில் படும்.

4

இதுவரை சொன்னது எப்படித் துக்கப்படுவது என்பது. எதற்காக என்ற கேள்வியில்தான் இந்த மரபு நம் பக்கம் திரும்புகிறது. எருசலேம் ஏன் இடிந்தது? ரோமானியப் படை இடித்தது. அது தல்மூத் ஆசிரியர்களுக்குத் தெரியாததல்ல. ஆனாலும் அவர்கள் சொல்லும் கதை ஒரு விருந்தில் தொடங்குகிறது.

எருசலேமில் ஒருவன். அவனுக்குக் காம்சா என்று ஒரு நண்பன், பார் காம்சா என்று ஒரு விரோதி. விருந்துக்குக் காம்சாவை அழைத்துவா என்று வேலையாளை அனுப்புகிறான். பெயர்க் குழப்பத்தில் பார் காம்சாவுக்கு அழைப்பு போய்விடுகிறது. பந்தியில் விரோதி உட்கார்ந்திருப்பதைப் பார்த்தவன் 'எழுந்திரு' என்கிறான். அவன் கெஞ்சுகிறான்: வந்தது வந்துவிட்டேன், சாப்பிட்டதற்குக் காசு தருகிறேன், இருக்க விடு. முடியாது. பாதி விருந்துச் செலவு தருகிறேன். முடியாது. முழுச் செலவும் தருகிறேன். முடியாது. கையைப் பிடித்து எழுப்பி வெளியே தள்ளுகிறான். பந்தியில் பெரிய பெரிய ரபிகள் உட்கார்ந்திருக்கிறார்கள். ஒருவரும் வாய் திறக்கவில்லை. வெளியே போனவன் யோசிக்கிறான்: இவ்வளவு படித்தவர்கள் சும்மா இருந்தார்கள் என்றால் அவர்களுக்கு இது சம்மதம்தான். ரோமாபுரி அரசனிடம் போய் 'யூதர்கள் கலகம் செய்யப்போகிறார்கள்' என்று போட்டுக்கொடுக்கிறான். வேண்டுமானால் ஒரு பலி அனுப்பிப் பாருங்கள் என்கிறான். அனுப்பிய கன்றுக்கு வழியில் அவனே ஒரு சின்ன ஊனம் உண்டாக்கிவிடுகிறான். ஊனமான கன்றைப் பலியிடலாமா கூடாதா என்று ரபிகள் சாஸ்திரம் பேசிப் பேசிக் கடைசியில் மறுத்துவிடுகிறார்கள். ரோம் படையெடுக்கிறது.

இது வரலாற்று விளக்கமாகுமா என்றால், ஆகாது. ஆனால் ஒரு சமூகம் தன் மிகப்பெரிய இழப்பின் தொடக்கத்தில் எதை வைக்கிறது என்பது அந்தச் சமூகத்தின் அறத்தைக் காட்டும். இந்தக் கதை எதிரியின் கொடுமையில் தொடங்கவில்லை. பந்தியிலிருந்து ஒருவனை எழுப்பியதில், அதைப் பார்த்துக்கொண்டிருந்த படித்தவர்களின் மௌனத்தில், தீட்டா இல்லையா என்ற சாஸ்திரக் கவலையில் தொடங்குகிறது. இரண்டாம் ஆலயம் 'காரணமற்ற பகை'யால் அழிந்தது என்று தல்மூத் வேறொரு இடத்தில் நேராகவே சொல்கிறது. நோன்புக்கு முந்தின ஓய்வுநாளில் ஏசாயாவின் முதல் அத்தியாயத்தை வாசிக்க வைத்திருக்கிறார்கள். உங்கள் பலிகள் எனக்கு வேண்டாம், உங்கள் கைகளில் இரத்தம், உங்கள் தலைவர்கள் லஞ்சம் வாங்குகிறார்கள், அநாதையின் வழக்கும் விதவையின் வழக்கும் அவர்களிடம் வந்து சேர்வதே இல்லை என்ற சாரத்தில் போகிற அத்தியாயம் அது. அழுவதற்கு முன் இதைக் கேட்டாக வேண்டும்.

பந்தி என்றதும் நமக்கு வேறொன்று ஞாபகம் வரும். வரணும். ஸ்ரீபெரும்புதூரில் பிறந்த இராமானுசரைப் பற்றிக் குருபரம்பரைக் கதைகள் சொல்லும் ஒரு நிகழ்ச்சி. பூவிருந்தவல்லியைச் சேர்ந்த திருக்கச்சி நம்பி பிராமணர் அல்லாதவர். அவர் சாப்பிட்ட மிச்சத்தைச் சாப்பிட வேண்டும் என்ற ஆசையில் இராமானுசர் அவரை வீட்டுக்கு அழைக்கிறார். இவர் அவரைத் தேடி ஒரு வழியாகப் போக, அவர் வேறு வழியாக வந்து சாப்பிட்டுப் போய்விடுகிறார். மனைவி இலையைக் குச்சியால் தள்ளி எறிந்து, இடத்தைக் கழுவி, தலைமுழுகிவிட்டு மறுபடி சமைக்கிறாள். திரும்பி வந்த இராமானுசர் மனம் நொந்துபோகிறார். பழியை மனைவி தலையில் கட்டுகிற ஆண்மையப் பிரதி இது, அதைத் தனியாகப் பேச வேண்டும். ஆனாலும் இந்தத் தடத்தின் மிகப் பழைய, மிகப் பெரிய பெயரோடு ஒட்டிக்கொண்டிருப்பது ஒரு எச்சில் இலை என்பது தற்செயல் இல்லை.

தொண்டை மண்டல ஊர்களில் பங்குனி தொடங்கி ஆடி வரை நடக்கிற திரௌபதியம்மன் திருவிழாவையும் இங்கே சேர்க்கலாம். காப்புக் கட்டி, கவிச்சி விலக்கி, பகலில் பாரதம் கேட்டு, இரவில் கூத்துப் பார்த்து, கடைசியில் படுகளம், தீமிதி. படுகளத்தில் மண்ணால் செய்து கிடத்திய துரியோதனனைச் சுற்றிப் பெண்கள் ஒப்பாரி வைக்கிறார்கள். தோற்றவனுக்கு அழுகிற அந்த இடம் வேறெங்கும் காணாதது. அந்த அழிவுக்கும் தொடக்கம் சபையில் நேர்ந்த அவமானம். பீஷ்மரும் துரோணரும் வாய்மூடி உட்கார்ந்திருந்த சபை. எருசலேமின் ரபிகளும் அஸ்தினாபுரத்துப் பெரியவர்களும் ஒரே பெஞ்சில் உட்காரக்கூடியவர்கள்.

ஒரு எச்சரிக்கை அவசியம். 'எங்கள் பாவத்தால் அழிந்தோம்' என்ற வாக்கியம் ஆபத்தானது. தோற்றவனிடம் 'உன் தப்புதான்' என்று சொல்ல அதிகாரத்துக்கு அது வசதி. நிலம் போனவரிடம் 'குடிச்சே அழிச்சீங்க' என்று சொல்கிற வாயை நாம் கேட்டதில்லையா? அந்த வாக்கியத்தைச் சொல்ல ரோமுக்கு உரிமை கிடையாது. சமூகம் தனக்குள் கேட்டுக்கொள்கிற கேள்வி அது. அதிலும் பந்தி பரிமாறியவர்களும் சும்மா இருந்தவர்களும்தான் பதில் சொல்ல வேண்டும், எழுப்பப்பட்டவர்கள் இல்லை.

5

இந்தியாவில் யூதர்கள் இந்த நாட்களை எப்படி அனுசரித்தார்கள்? கொங்கணக் கடற்கரையில் எண்ணெய் ஆட்டிப் பிழைத்த பெனே இஸ்ரவேலர்களை அக்கம்பக்கத்தார் 'சனிவார் தேலி', சனிக்கிழமை எண்ணெய்க்காரர் என்றார்கள். சனிக்கிழமை செக்கு ஓட்டமாட்டார்கள் என்பதால் வந்த பெயர். வேலைக்குப் போகாத ஒரு நாளே ஒரு சாதிப்பெயராக மாறியிருக்கிறது பாருங்கள். திஷா பெஆவை அவர்கள் மராத்தியில் 'பிர்த்யாச்சா ரோஜா' என்றார்கள். முளைகட்டி உரித்த மொச்சை வகைப் பருப்பில் செய்யும் 'பிர்டா' என்ற குழம்பின் பெயரால் நோன்பு. 'ரோஜா' என்பது முஸ்லிம் அண்டைவீட்டாரின் சொல். எருசலேமுக்கான துக்கம் கொங்கணியின் பருப்பிலும் பாரசீகச் சொல்லிலும் வந்து குடியேறிவிட்டது. ஆனால் அவர்களுக்குள்ளேயே 'கோரா', 'காளா' என்று வெள்ளை கருப்புப் பிரிவினை இருந்தது. பெண் கொடுத்து எடுப்பதில்லை.

கொச்சியில் நிலைமை இன்னும் கூர்மை. 1568ல் கட்டப்பட்ட பரதேசி ஜெபக்கூடத்தில் 'மெஷுஹ்ராரிம்' எனப்பட்டவர்களுக்கு, அதாவது அடிமை நிலையிலிருந்து விடுவிக்கப்பட்ட யூதர்களுக்கும் அவர்கள் வம்சத்துக்கும், உள்ளே இருக்கையில் உட்கார உரிமை இல்லை. முன்மண்டபத்தில், தரையில், படிக்கட்டில் உட்கார வேண்டும். வேதம் வாசிக்க அழைக்கமாட்டார்கள். அந்த வம்சத்தில் பிறந்து, சென்னையில் படித்து வழக்கறிஞரானவர் ஆபிரகாம் பராக் சேலம் (1882-1967). காந்தியின் சத்தியாகிரக முறையைச் சொந்த ஜெபக்கூடத்துக்கு எதிராகவே கையாண்டார். அவருடைய வாழ்நாளிலேயே அந்தத் தடைகள் ஒவ்வொன்றாகத் தளர்ந்தன.

இப்போது ஆவ் ஒன்பதாம் இரவைக் கற்பனை செய்து பார்க்கலாம். அன்றைக்கு மட்டும் எல்லோரும் தரையில் உட்கார வேண்டும் என்பது விதி. வருஷம் பூரா தரையில் உட்கார வைக்கப்பட்டவர்களுக்கு அந்த விதி என்ன சொல்லியிருக்கும்? ஒருவருக்குத் துக்கத்தின் அடையாளமாக இருப்பது இன்னொருவருக்கு அன்றாடம். இந்த இடத்தில்தான் சடங்கு தன் கேள்வியைத் தானே கேட்டுக்கொள்ளத் தவறியது. பார் காம்சாவின் கதையை வருஷா வருஷம் நினைத்துக்கொண்டே, அவனைப் படிக்கட்டில் உட்கார வைத்திருந்தார்கள்.

சென்னையிலும் ஒரு யூதச் சமூகம் இருந்தது. வைரத்தையும் பவழத்தையும் பண்டமாற்றாக வைத்து வணிகம் செய்தவர்கள். 1688ல் சென்னை மாநகராட்சி தொடங்கியபோது யூத வணிகர்களும் ஆல்டர்மேன்களாக இருந்தார்கள். பவழக்காரத் தெரு என்ற பெயர் மிச்சம். நகரம் வளர வளர இடம்பெயர்க்கப்பட்ட கல்லறைகள் சில லாயிட்ஸ் சாலையில் இருக்கின்றன. வளர்ச்சி வந்தால் பிணமும் இடம் மாறணும்.

6

நம்ம தோழர்கள் கேட்பார்கள்: இஸ்ரேலைப் பற்றிப் பேசாமல் யூதத் துக்கத்தைப் பேசலாமா? கூடாது. 1967 ஜூனில் கிழக்கு எருசலேம் இஸ்ரேல் வசம் வந்த சில நாட்களுக்குள், மேற்குச் சுவருக்கு முன்னால் இருந்த மொரோக்கோக் குடியிருப்பின் சுமார் 135 வீடுகள் இடிக்கப்பட்டு மைதானம் ஆக்கப்பட்டன. பல நூற்றாண்டுகள் பழைய குடியிருப்பு அது. இன்று திஷா பெஆவ் இரவில் ஆயிரக்கணக்கானோர் தரையில் உட்கார்ந்து, இடிந்த நகரத்துக்காகப் புலம்பும் இடம் அந்த மைதானம்தான். 1948ல் ஏழு லட்சம் பாலஸ்தீனியர்கள் வீடிழந்ததன் மேல், இழப்பின் நினைவையே ஆதாரமாக வைத்து ஒரு அரசு எழுந்தது. துக்கம் அதிகாரத்தின் கைக்குப் போனால் அது யாருடைய வீட்டையும் இடிக்கும்.

இதை யூதர்களுக்குள்ளேயே சிலர் உணர்ந்தார்கள். அன்றைய தொழுகையில் எருசலேமைப் பாழான, குடிகளற்ற நகரம் என்று சொல்லும் 'நாஹேம்' என்ற வேண்டுதல் உண்டு. 1967க்குப் பின் இதை எப்படிச் சொல்வது என்று விவாதம் எழுந்தது. இஸ்ரேல் ராணுவத்தின் தலைமை ரபி ஷ்லோமோ கோரன் வாசகத்தை மாற்றினார். ரபி ஓவாடியா யோசெப் மாற்ற மறுத்தார். இரண்டாம் ஆலயம் கட்டப்பட்டுக்கொண்டிருந்த காலத்திலேயே இந்தக் கேள்வி வந்திருக்கிறது: இனியும் ஐந்தாம் மாதத்தில் அழ வேண்டுமா? சகரியா நூலின் ஏழாம் அத்தியாயம் ஆமாம் என்றும் சொல்லவில்லை, இல்லை என்றும் சொல்லவில்லை. நோன்பு எனக்காகவா இருந்தீர்கள் என்று திருப்பிக் கேட்டுவிட்டு, விதவையை, அநாதையை, அந்நியனை, ஏழையை ஒடுக்காதீர்கள் என்று பேச்சை நீதிக்குத் திருப்பிவிடுகிறது. 2014 ஜூலையில் காஸா மீது குண்டு விழுந்துகொண்டிருந்தபோது நியூயார்க்கில் இளம் யூதர்கள் தெருவில் கூடி, இறந்த பாலஸ்தீனியர் பெயரையும் இஸ்ரேலியர் பெயரையும் சேர்த்து வாசித்து, இறந்தோருக்கான 'காதிஷ்' வேண்டுதலைச் சொன்னார்கள். சகரியாவின் பதிலுக்குப் பக்கத்தில் நிற்கிற துக்கம் இது.

7

ஒரகடத்துக்குத் திரும்புவோம். 'எங்க ஊர் போச்சு' என்று ஒருவர் சொல்லும்போது அந்த 'எங்க' யார் என்று கேட்க வேண்டியிருக்கிறது. நிலத்துக்குப் பட்டா வைத்திருந்தவருக்கு இழப்பீடு வந்தது. அந்த நிலத்தில் தலைமுறையாக நாற்று நட்டு அறுத்தவருக்குப் பட்டா இல்லை. இழக்க எதுவும் இல்லை என்று கணக்கு முடிந்தது. அவருக்கு ஏன் பட்டா இல்லை? இந்தப் பகுதி அடங்கிய செங்கல்பட்டு மாவட்டத்தின் கலெக்டர் ட்ரெமென்ஹீர் 1891ல் பறையர்களின் நிலைமை பற்றி எழுதிய அறிக்கைதான், 1892ல் ஒடுக்கப்பட்ட சாதிகளுக்கு நிலம் ஒதுக்கும் அரசாணைக்கு வழி செய்தது. அந்தப் பஞ்சமி நிலங்கள் கை மாறிப் போயின. காரணை பஞ்சமி நிலத்தைத் திருப்பிக் கேட்ட போராட்டத்தில், 1994 அக்டோபர் 10 அன்று செங்கல்பட்டில் போலீஸ் சுட்டு ஜான் தாமஸ், ஏழுமலை இருவரும் இறந்தார்கள். அதாவது கார் ஆலை வருவதற்கு முன்பே ஒரு நிலப்பறிப்பு நடந்து முடிந்திருந்தது. அதைச் செய்தது பன்னாட்டு மூலதனம் இல்லை, ஊர்.

அக்டோபர் 10ஐத் தலித் அமைப்புகள் வருஷாவருஷம் நினைவுகூர்கின்றன. எனக்குத் தெரிந்து நாம் பேசுகிற பொருளில் நாட்காட்டியில் ஏறிய துக்கம் அதுதான். ஊர் அந்தத் துக்கத்தில் சேரவில்லை. திரௌபதிக்கு நேர்ந்த அவமானத்தைக் கேட்டு ராத்திரி பூரா கண்ணீர் விடுகிற ஊர்களில் சேரிக்கு அந்தக் கோயிலில் என்ன இடம்? விழுப்புரம் மாவட்டம் மேல்பாதி திரௌபதியம்மன் கோயிலில் 2023ல் தலித்துகள் நுழைய மறுக்கப்பட்டு, ஜூனில் கோயிலுக்கே சீல் வைக்கப்பட்டது. 2025 ஏப்ரலில்தான் அவர்கள் உள்ளே போக முடிந்தது. கொச்சியின் படிக்கட்டு வெகுதூரத்தில் இல்லை.

ஆலைக்குள்ளும் அதே பந்தி வேறு உருவில் வருகிறது. 2021 டிசம்பரில் ஃபாக்ஸ்கான் ஆலையில் வேலை செய்த பெண்களில் 150க்கும் மேற்பட்டவர்கள் விடுதிச் சாப்பாட்டால் நோயுற்று மருத்துவமனைக்குப் போனார்கள். மற்றவர்கள் சென்னை-பெங்களூர் நெடுஞ்சாலையில் உட்கார்ந்துவிட்டார்கள். நெரிசலான அறைகளில் அவர்கள் தரையில் படுத்திருந்தது அப்போதுதான் வெளியே தெரிந்தது. சோற்றில் நேர்ந்த அவமானத்துக்கு அவர்கள் சாலையில் உட்கார்ந்து கேள்வி கேட்டார்கள். தரையில் உட்காருவது துக்கமாகவும் இருக்கலாம், மறியலாகவும் இருக்கலாம். 2022ல் பரந்தூர் விமான நிலையத் திட்டம் அறிவிக்கப்பட்டபோது ஏகனாபுரத்தில் மக்கள் இரவு இரவாகக் கூடி உட்கார்ந்ததையும் இதோடு சேர்த்து யோசிக்கலாம். அது இன்னும் போகாத ஊருக்கான உட்காரல்.

நான் சொல்ல வருவது இதுதான். போன ஊருக்காக அழுவது பிற்போக்கு என்று ஒதுக்க வேண்டியதில்லை. ஆனால் அந்த அழுகை பழைய ஊரைப் பொற்காலமாக்கினால் சேரி அதில் சேராது, சேர வேண்டிய அவசியமும் இல்லை. சிப்காட் எடுத்ததையும் ஊர் எடுத்ததையும் ஒரே மூச்சில் சொல்கிற துக்கமாக அது இருந்தால் மட்டும்தான் இரண்டு பேரும் ஒரே தரையில் உட்கார முடியும். எருசலேமுக்காக அழுகிறவர்கள் பந்தியிலிருந்து எழுப்பப்பட்டவனின் பெயரை மறக்காமல் வைத்திருப்பது அதற்கு ஒரு முன்மாதிரி. கொச்சியிலும் 1967க்குப் பின் எருசலேமிலும் அது தோற்றது, அந்தப் பெயரை வெறும் கதையாக்கிக்கொண்டால் என்ன ஆகும் என்பதற்குச் சாட்சி.

இழப்பீட்டுப் பணத்தில் இந்தத் தடத்தில் நிறையப் புதுவீடுகள் எழுந்திருக்கின்றன. பட்டி பார்த்து, பெயின்ட் அடித்து, வாசலில் டைல்ஸ் போட்ட வீடுகள். எதிர்ச்சுவரில் ஒரு முழம் பூசாமல் விடுவதற்கு மதம் எதுவும் தேவையில்லை. ஆனால் அந்த முழத்தைப் பார்த்து 'இது என்ன?' என்று குழந்தை கேட்கும்போது இரண்டு பதிலையும் சொல்லத் தயாராக இருக்க வேண்டும்: இங்கே இருந்த ஏரி எங்கே போனது என்பது ஒன்று, அந்த ஏரித்தண்ணி அப்போ யாருக்குப் பாய்ந்தது என்பது இன்னொன்று.